மீட்டரை முதல் வாரத்திலேயே பழகுநர் கையில் கொடுங்கள்: மின் ஒப்பந்ததாரர்களுக்கும் மூத்த எலக்ட்ரீஷியன்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மின்வேலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்குப் பழகுநர் பயிற்சியைவிட நல்ல வாசல் கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். வகுப்பில் கேட்டது சில நாளிலேயே கைவேலையாகிறது. அதற்குக் காலமும் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் கட்டட மின்னியல் பழகுநர் காலம் மூன்றரை ஆண்டு. அமெரிக்கத் தொழிற்சங்கப் பயிற்சியில் உள்வயரிங் வேலைக்கு ஐந்து ஆண்டு, களத்தில் மட்டும் ஏறத்தாழ 8000 மணி நேரம்.

அந்தக் காலத்தின் முதல் ஆண்டு எப்படிச் செலவாகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பல இடங்களில் அது சுவர் வெட்டுவதிலும் பைப் பதிப்பதிலும் கேபிள் இழுப்பதிலும் ஏணி பிடிப்பதிலும் போய்விடுகிறது. அந்த வேலைகளை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. வளைவில் கேபிள் எப்படிச் சிக்கும், எந்தப் பைப்பில் எத்தனை வயர் அடங்கும் என்பதெல்லாம் இழுத்துப் பார்த்தவருக்கே தெரியும். எங்கள் வருத்தம் வேறு. டிரில்லிங் மெஷினை முதல் நாளே கொடுக்கிறோம். மல்டிமீட்டரும் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரும் மட்டும் மூத்தவர் பையிலேயே இருக்கின்றன. பழகுநர் போட்ட வயரிங்கை வேறொருவர் வந்து சோதிக்கிறார். ‘சரி’ என்றோ ‘பிரித்துப் போடு’ என்றோ ஒரு சொல் வருகிறது. எந்த அளவு வந்தது, எந்த அளவு வந்திருக்க வேண்டும் என்பது கற்பவருக்குத் தெரியாமலே போகிறது. மூன்றாம் ஆண்டில் கையில் வேகம் வந்துவிடும். எதிரே இருக்கும் சர்க்யூட்டைப் பற்றிய அறிவு மட்டும் வந்திருக்காது.

இந்த வரிசையைத் திருப்புங்கள் என்று கேட்கிறோம். எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கற்றுத் தர வேண்டியது மின்சாரம் நின்றுவிட்டது என்று நிரூபிப்பது. சுவிட்சை ஆஃப் செய்வது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. எந்த சர்க்யூட் என்று அடையாளம் காண வேண்டும். அதனால் பாதிக்கப்படுபவர்களிடம் சொல்ல வேண்டும். எம்சிபியையோ (மின்னோட்டம் மிகுந்தால் தானே ‘விழுந்து’ துண்டிக்கும் சுவிட்ச்) ஐசோலேட்டரையோ (சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து பூட்டுப் போட வேண்டும். பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டு பழகுநருடையதாக இருக்கட்டும், சாவியும் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு. மூத்தவரின் ஒரே பூட்டை நம்பி மூன்று பேர் உள்ளே கை வைப்பது கூடாது.

பிறகு சோதனை. டெஸ்டரை மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து வேலை செய்யும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. மூன்று பேஸ் என்றால் மொத்தம் பத்து அளவுகள்: பேஸ்களுக்குள் மூன்று, ஒவ்வொரு பேஸிலிருந்தும் நியூட்ரலுக்கு மூன்று, எர்த்துக்கு மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று. கடைசியாக, மின்சாரம் உள்ள அந்த முதல் இடத்துக்கே திரும்பிப் போய் டெஸ்டரை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். நடுவில் டெஸ்டரின் பேட்டரி இறங்கியிருக்கலாம், லீடு உள்ளே அறுந்திருக்கலாம், ஃப்யூஸ் போயிருக்கலாம். பழுதான டெஸ்டரும் மின்சாரம் இல்லாத வயரும் ஒரே விடையைத்தான் காட்டும்.

இதற்கு ஸ்க்ரூடிரைவர் வடிவ நியான் டெஸ்டரைக் கொடுக்காதீர்கள். அது எரிய, பிடித்திருப்பவரின் உடல் வழியாகச் சிறு மின்னோட்டம் தரைக்குப் போக வேண்டும். ஃபைபர் ஏணியில் நிற்பவருக்கு அது மங்கும். வெயிலில் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. தொடாமலே சத்தமிடும் பேனா டெஸ்டர், உலோக உறைக்குள்ளோ ஆர்மர் கேபிளுக்குள்ளோ உள்ள மின்சாரத்தை உணராது. பக்கத்து வயரின் தூண்டலுக்கும் கத்தும். லைன் எங்கே போகிறது என்று தேட அவை உதவும். உயிரை நம்பி வைக்கக்கூடாது. இரண்டு முனையும் வயரோடு இணைந்த இருமுனை வோல்டேஜ் டெஸ்டர்தான் இந்த வேலைக்குரியது. டிபி போர்டு (சப்ளையைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) வேலைக்கு கேட் 3, கட்டடத்துக்குள் சப்ளை நுழையும் இடத்துக்கு கேட் 4 என்ற பாதுகாப்புத் தரம் அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் கொடுத்தால் இன்னொன்றையும் அன்றே காட்டுங்கள். லீடு ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்டேஜ் அளக்கப் போனால் மீட்டர் வெறும் வயர்த்துண்டாகிவிடும். பேஸும் நியூட்ரலும் அதன் வழியாக நேராக ஷார்ட் ஆகும். ஆம்பியர் அளந்து முடித்தவுடனே லீடை வோல்ட் துளைக்கு மாற்றும் பழக்கம் அவர் கையில் ஊற வேண்டும்.

மெயினை ஆஃப் செய்த பிறகும் மின்சாரம் இருக்கும் இடங்களைத் தனியே சொல்லிக்கொடுங்கள். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், யுபிஎஸ் என்று வேறு பக்கத்திலிருந்து வரும் சப்ளை. வெளிச்சம் இருக்கும்வரை அணையவே அணையாத சோலார் பேனல். சார்ஜைத் தேக்கிவைக்கும் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்: 400 வோல்ட் சப்ளையில் அதன் உள்ளே ஏறத்தாழ 565 வோல்ட் டிசி நிற்கும், உறைமேல் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து, அதன்பின்னும் அளந்து பார்த்தே தொட வேண்டும். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது கடன் வாங்கிய நியூட்ரல். ஒரு சர்க்யூட்டின் விளக்குக்கு இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலை யாரோ எப்போதோ இணைத்திருப்பார்கள். இந்த எம்சிபி ஆஃப்தான். ஆனால் நியூட்ரல் இணைப்பைக் கழற்றிய நொடியில், அந்த விளக்கு வழியாக வந்த மின்சாரம் கழன்ற முனையில் வந்து நிற்கும். கழற்றுவதற்கு முன் நியூட்ரலில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளப்பது) போட்டுப் பார்த்தால், ஆஃப் செய்த சர்க்யூட்டில் ஓடும் ஆம்பியர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று பழகுநர் கேட்டால் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். 230 வோல்ட்டில் 60 வாட் குண்டு பல்பு எடுப்பது 260 மில்லி ஆம்பியர். ஆளைக் காப்பாற்ற வைக்கும் ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழ வேண்டிய அளவு 30 மில்லி ஆம்பியர். ஒரு பல்பு எடுப்பதில் ஒன்பதில் ஒரு பங்குக்கே பயப்பட வேண்டும் என்பதை அவரே கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் பிறகு நினைவூட்ட வேண்டியிருக்காது.

அடுத்தது இணைப்பு. இந்தத் தொழிலில் தீப்பிடிப்பதற்குப் பெரிய காரணம் தளர்ந்த டெர்மினல். 16 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் அந்த ஒரே புள்ளியில் 25.6 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது, பிளாஸ்டிக் டெர்மினலுக்குள். மின்னோட்டம் கூடவில்லை, அதனால் எம்சிபிக்குத் தெரியாது. எர்த்துக்குக் கசியவில்லை, அதனால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. எந்தப் பாதுகாப்புக் கருவியும் பிடிக்காத பழுது என்பதால் இதைக் கைதான் தடுக்க வேண்டும்.

பழகுநர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டிங் பிளேயரால் உரிக்கும்போது இழைகள் சில அறுந்துபோகும். அளவு குறிப்பிட்ட ஸ்ட்ரிப்பரைக் கொடுத்தால் தீர்ந்தது. இன்சுலேஷனையும் சேர்த்து ஸ்க்ரூவுக்குள் நுழைத்து முறுக்குவார். ஸ்க்ரூ இறுகியதுபோல் இருக்கும், செம்பைத் தொட்டிருக்காது. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரையும் 4 ஸ்கொயர் வயரையும் ஒரே துளையில் நுழைப்பார். தடித்தது பிடிபடும், மெல்லியது ஆடும். இழை வயர் பிரியாமலிருக்க ஈயம் பூசி ஸ்க்ரூவில் வைப்பார். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துகொடுக்கும் பொருள். சில மாதத்தில் இணைப்பு தளர்ந்துவிடும். அங்கே ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) போட்டு அதற்குரிய கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். அலுமினியக் கேபிளை நேராகச் செம்பு பஸ்பாரில் (போர்டில் பல இணைப்புகளுக்குப் பொதுவான பட்டை) இறுக்குவதும் அப்படித்தான். இரண்டு உலோகமும் சேரும் லக் (கேபிள் முனையில் பொருத்தும் துண்டு) இல்லாமல் அது நிலைக்காது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. பழைய எம்சிபி, பிளக் பாயிண்ட், ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடித்து இருபது இணைப்புகள் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கட்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, ஸ்க்ரூ செம்பில் பதித்த தடத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கும் திருகுவிசையை அளவாக வைக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கி, சாதனத்தின்மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு வைத்து, தான் கையால் இறுக்கியதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புதியவர்கள் சிறிய ஸ்க்ரூவை மிகையாகவும் பெரிய ஸ்க்ரூவைக் குறைவாகவும் இறுக்குவார்கள்.

இனி சோதனை. மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்பவை, கொடுத்த பின் செய்பவை என்று இரண்டு கட்டம். எர்த் தொடர்ச்சி, இன்சுலேஷன், போலாரிட்டி (பேஸும் நியூட்ரலும் இடம் மாறாதிருப்பது) ஆகியவை முன்னால். லூப் தடையும் (பழுதின்போது மின்னோட்டம் எர்த் வழியாகச் சுற்றிவரும் பாதையின் தடை) ஆர்சிசிபி விழும் நேரமும் பின்னால். எர்த் முழுதாக இருக்கிறதா என்று தெரியாமல் மின்சாரம் கொடுத்தால், பழுது இருக்கும் பட்சத்தில் தொடும் உலோகம் எல்லாம் லைவ் ஆகும். வரிசையின் காரணம் அதுதான். மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்காமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

அளப்பதற்கு முன் எதிர்பார்க்கும் அளவைப் பழகுநர் எழுத வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2.5 ஸ்கொயர் செம்பு வயர் 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 7.41 மில்லி ஓம், 1.5 ஸ்கொயர் 12.10 மில்லி ஓம். 30 மீட்டர் ஓட்டம், பேஸ் 2.5, எர்த் 1.5 என்றால் இரண்டையும் தொலைமுனையில் இணைத்து அளக்கும்போது 0.59 ஓம் அருகே வர வேண்டும். குறைந்தது 200 மில்லி ஆம்பியர் செலுத்தும் கன்டினியூட்டி டெஸ்டரால் அளக்க வேண்டும். அதற்கு முன் லீடுகளின் சொந்தத் தடையைக் கழித்துவிட வேண்டும். 1.2 ஓம் வந்தால் நடுவில் ஓர் இணைப்பு சரியில்லை. 0.3 வந்தால் மகிழ வேண்டாம்: உலோகப் பைப் வழியாகவோ வேறு எர்த் வழியாகவோ இணைபாதை இருக்கிறது, அல்லது அளப்பது வேறு சர்க்யூட். மீட்டரின் ‘பீப்’ சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இந்த மூன்றும் ஒன்றுதான்.

இதே எண்களை வைத்து வோல்டேஜ் இறக்கத்தையும் போடச் சொல்லுங்கள். 2.5 ஸ்கொயரில் 30 மீட்டர் போய்த் திரும்ப 0.44 ஓம், 16 ஆம்பியருக்கு 7.1 வோல்ட், 230இல் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். வயர் சூடானால் இன்னும் கூடும். எந்த இடத்தில் 4 ஸ்கொயருக்குப் போக வேண்டும் என்பதைப் பிறர் சொல்லாமலே கணிக்கும் திறன் இங்கிருந்துதான் வளரும்.

இன்சுலேஷனுக்கு, வழக்கமான 230, 400 வோல்ட் வயரிங்கில் 500 வோல்ட் டிசி மெகர். ஏற்கத்தக்க குறைந்த அளவு 1 மெகா ஓம். ஆனால் புதிய வயரிங்கில் 2 மெகா ஓம் வந்தால் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டுப் போக விடாதீர்கள். புதிய கேபிள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். 2 என்பது ஆணி துளைத்த இடம், கவரின் கீழ் நசுங்கிய வயர், ஈரம் இறங்கிய பாக்ஸ் இவற்றில் ஏதோ ஒன்று. சர்க்யூட்டைப் பாதியாகப் பிரித்து, பிறகு அதன் பாதியைப் பிரித்து, பழுதை ஒரு பாக்ஸுக்குள் அடைக்கும் முறையைப் பழகுநர் அங்கேயே கற்க வேண்டும்.

மெகர் போடுவதற்கு முன் எல்இடி டிரைவர், டிம்மர், சர்ஜ் பாதுகாப்புக் கருவி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்ற முடியாதவை இருந்தால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி எர்த்துக்கு மட்டும் அளக்கலாம். அப்போதும் எர்த்தோடு இணைந்த சர்ஜ் கருவி கழன்றிருக்க வேண்டும். சர்ஜ் கருவியை விட்டுவிட்டால் 500 வோல்ட்டில் அதுவே கடத்தத் தொடங்கி, நல்ல வயரிங்கைப் பழுது என்று காட்டும். அரை நாள் வீணாகத் தேட வைப்பது பெரும்பாலும் இதுதான். நீளமான கேபிளில் சோதனை முடிந்த பிறகும் சார்ஜ் நிற்கும் என்பதால், டிஸ்சார்ஜ் செய்யாமல் முனையைத் தொடக்கூடாது.

லூப் சோதனையை மூத்தவர் பக்கத்தில் நின்று நடத்த வேண்டும், ஏனென்றால் அது மின்சாரத்தோடு செய்வது. ஆனால் அதன் கணக்கு முதல் ஆண்டிலேயே புரிய வேண்டும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழுவதற்கு, உறுதியாக என்றால், பத்து மடங்கு, 160 ஆம்பியர் வேண்டும். 230ஐ 160ஆல் வகுத்தால் 1.44 ஓம்; லூப் தடை அதற்குள் இருக்க வேண்டும். பி வகைக்கு ஐந்து மடங்கு போதும், ஆகவே 2.87 ஓம் வரை. வெறும் எர்த் ராடை மட்டும் நம்பியிருக்கும் கட்டடத்தில் அந்த ராடின் தடை 20 ஓம் என்று வையுங்கள். பேஸ் உடலைத் தொட்டால் ஓடுவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி எத்தனை மணி நேரமானாலும் விழாது. கருவியின் உலோக உடலில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருக்கும். எர்த் போட்டாயிற்றே என்ற திருப்தி எவ்வளவு ஆபத்தானது, ஆர்சிசிபி ஏன் கட்டாயம் என்பது இந்த ஒரு வகுத்தலில் விளங்கிவிடும்.

ஆர்சிசிபியைச் சோதிக்கும்போது 30 மில்லி ஆம்பியர் கருவி பாதி அளவான 15க்கு விழக்கூடாது. 30க்கு 300 மில்லி விநாடிக்குள், 150க்கு 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டன் உள்ளே இருக்கும் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும்; கட்டடத்தின் எர்த்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அடிக்கடி விழுகிறது என்ற புகாருக்கு ஆர்சிசிபியையே மாற்றிவிடும் வழக்கத்தையும் பழகுநர் கற்றுக்கொள்ள வேண்டாம். அதைக் கடந்தபின் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறதா, இரண்டு ஆர்சிசிபிகளின் நியூட்ரல் ஒரே பாரில் கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

இரண்டாம் ஆண்டில் மோட்டார் கன்ட்ரோல் வரும்போதும் இதே முறைதான். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் தொடக்கிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை வரைபடத்தைப் பார்த்து இணைத்துவிடுவார்கள். ஸ்டாரில் தொடங்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, திருகுவிசையும் அதே மூன்றில் ஒரு பங்காகிறது, அதனால் கனத்த சுமையோடு தொடங்கும் மோட்டார் ஸ்டாரில் நகராமல் போகலாம் என்று தெரிந்திருக்காது. ஓவர்லோடு ரிலே (மோட்டார் மிகுதியான ஆம்பியர் எடுத்தால் நிறுத்துவது) மோட்டாரின் வைண்டிங் பாதையில் இருந்தால் அதை முழு ஆம்பியருக்கு வைக்கக்கூடாது, 0.58ஆல் பெருக்க வேண்டும், 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7. முழு அளவுக்கு வைத்த ரிலே மோட்டார் எரிந்த பிறகும் விழாமல் இருக்கும். ஸ்டார், டெல்டா கான்டாக்டர்களுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இடையே, ஒன்று இழுத்திருக்கும்போது மற்றதைத் தடுக்கும் இன்டர்லாக் வயரை மறந்தால் இரண்டும் சேர்ந்து இழுத்து மூன்று பேஸும் ஷார்ட் ஆகும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கும், மெகரைக் கீழே போட்டு உடைப்பார் என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஒப்படைத்த பிறகு ஒரு தளர்ந்த நியூட்ரலைத் தேடி, மூடிய சீலிங்கைத் திறந்து, இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்க நிற்பதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பேஸ் சப்ளையில் நியூட்ரல் விட்டுப்போனால், குறைந்த சுமையுள்ள பேஸில் இருக்கும் கருவிகளுக்கு 400 வோல்ட் பக்கம் போய்விடும். எரிந்த கருவிகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

பயிற்சிக் குறிப்பேட்டையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஜெர்மனியில் அது இல்லாமல் இறுதித் தேர்வுக்கே அனுமதி கிடையாது. அந்த அளவுக்கு அதை மதிக்கிறார்கள். ‘இன்று வயரிங் வேலை’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. எந்த சர்க்யூட், என்ன நீளம், எதிர்பார்த்த அளவு, வந்த அளவு, வித்தியாசம் இருந்தால் காரணம் என்று ஐந்து கட்டம் போதும். மூத்தவர் வாரம் ஒருமுறை படித்துக் கையெழுத்திட வேண்டும். படிக்காமல் போடும் கையெழுத்தைப் பழகுநர் உடனே கண்டுகொள்வார்; அடுத்த வாரமே கற்பனை அளவுகளை எழுதத் தொடங்குவார்.

முதல் ஆண்டில் ஒரு மூத்தவருக்கு இரண்டு பழகுநருக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தனியாக எங்கும் அனுப்ப வேண்டாம். மின்சாரம் ஓடும் போர்டில் பழுது பார்க்கும் அவசர வேலைக்கு ‘சீக்கிரம் கற்றுக்கொள்வான்’ என்று சொல்லி எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். பாதுகாப்புக் காலணியும் கையுறையும் பெல்ட்டும் அவரவர் அளவில் இருக்கட்டும். பெண் பழகுநர்களுக்குப் பெரிய அளவுக் கையுறையைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ பிடிக்கத் தெரியவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

கடைசியாக, ஒரு பழுதுப் பலகை செய்துவையுங்கள். ஒட்டுப்பலகையில் சிறு டிபி, இரண்டு சுவிட்ச், ஒரு பிளக் பாயிண்ட், இரண்டு விளக்கு; சப்ளை 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. பின்பக்கத்தில் ஐந்து பழுதுகளை மாற்றி மாற்றி வையுங்கள்: அறுந்த நியூட்ரல், இடம் மாறிய போலாரிட்டி, எர்த்தைத் தொடும் நியூட்ரல், இணைப்பின் நடுவே மறைத்துவைத்த சிறு ரெசிஸ்டர், கடன் வாங்கிய நியூட்ரல். பழகுநர் அறிகுறியைப் பார்த்துவிட்டுத் தன் ஊகத்தைத் தாளில் எழுத வேண்டும். அதை எந்த ஒரே அளவீடு உறுதிப்படுத்தும் என்றும் எழுத வேண்டும். அதற்குப் பிறகே மீட்டரைத் தொடலாம். ஊகம் தவறினால் பழுதைச் சொல்லிவிடாதீர்கள். அந்த அளவு எதை விலக்கிவிட்டது என்று மட்டும் கேட்டு, அடுத்த ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். எம்சிபிக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு ரெசிஸ்டரை, சுமை ஓடும்போது வோல்டேஜ் இறக்கம் அளந்து, யார் உதவியும் இல்லாமல் ஒருவர் கண்டுபிடித்த பிறகு அவர் குறிப்பேட்டின் முதல் ஆண்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
பழகுநர்களுக்குக் களத்தில் கற்றுத்தரும் எலக்ட்ரீஷியன்கள்